ஆறு ரப்பர் மோதிரங்கள்

ஜனவரி 8, திங்கள்

பிரசவ வார்டு கேட்ட ஆளுக்கு இன்று பிணவறை இணைப்பைக் கொடுத்துவிட்டேன். கிசுமு நகர மருத்துவமனையின் தொலைபேசி மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. அவன் திரும்பக் கூப்பிட்டுத் திட்டினான்.

மனம் முழுக்க வீட்டில் இருந்தது. ஒபோன்யோவின் கட்டைவிரல் இரண்டு நாளாகச் சரியாக அழுத்தவில்லை. ஒரு அழுத்து என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. எட்டு மாதமாகக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். நரம்பு நோய் முதலில் அவர் காலை எடுத்தது, பிறகு கையை, அப்புறம் நாக்கை. "உங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?" என்று கேட்டால் ஒரு அழுத்து. அதோடு சண்டை முடிந்தது. இப்படி ஒரு குடித்தனம்!

இந்த நோய் வந்தவர்கள் கண் சிமிட்டிப் பேசுவார்கள் என்றார் டாக்டர். சிமிட்டினால் பார்க்க எனக்குக் கண் வேண்டுமே. மகள் அபோண்டி பார்த்துச் சொல்லட்டும் என்றால், என்னுடையதைப் போலவே அவர் பார்வையும் சின்ன வயதில் தட்டம்மையில் போனது. பார்வையில்லாத கண் தன் போக்கில் அலையும். எது பேச்சு, எது அலைச்சல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

ஆகவே அந்தக் கட்டைவிரல்தான் எங்கள் வீடு.

ஜனவரி 16, செவ்வாய்

கட்டைவிரல் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 24, புதன்

பல்கலைக்கழகத்திலிருந்து நெகேசா என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், குரலில் அவசரம். மூளைக்குள் ஓடும் மின்னலைகளைத் தலைக்கு வெளியே இருந்தே பிடித்து எழுத்தாக்கும் கருவி அவளிடம் இருக்கிறதாம். தலையில் மாட்டும் அதன் தொப்பியைத் தடவிப் பார்த்தேன். துணி, துணி நிறையப் பொத்தான்கள், பொத்தானுக்கு ஒரு கம்பி.

"எதிர்ல திரையில எழுத்துங்க மின்னும்மா. அவர் தனக்கு வேண்டிய எழுத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா போதும், மூளையில ஒரு துள்ளல் வரும்" என்றாள்.

"யாரு, இவரா? பார்க்கணுமா?"

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது, கடைசியில் அழுகையாகிவிட்டது. அபோண்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கோப்புல பார்வையில்லைன்னு எழுதியிருந்துச்சும்மா. படிச்சேன். படிச்சும் எனக்குத் தோணலை" என்றாள் நெகேசா. ஒப்புக்கொண்டாளே, அதற்காக அவளை எனக்குப் பிடித்துவிட்டது. வாயும் கையும் காலும் போனவர்களுக்காக எவ்வளவு மூளைகள் உட்கார்ந்து யோசித்திருக்கின்றன! கண்ணும் போனவன் ஒருவன் இருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

இன்று ஒலியில் முயன்றார்கள். காதுக்குள் இருபத்தாறு எழுத்தும் வரிசையாக ஓதிக்கொண்டே இருக்கும், வேண்டியது வரும்போது அவர் கவனிக்க வேண்டும். அரை மணியில் மூன்று எழுத்து. அவர் மூச்சு கரகரக்கத் தொடங்கியது. அந்த மூச்சு எனக்குத் தெரியும், "போதும்" என்று அர்த்தம். நிறுத்தச் சொன்னேன்.

நெகேசா கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம். கருவி மேலா, அவள் மேலா, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"எங்களுக்கு எதுக்கும்மா இருபத்தாறு? எங்க எழுத்து ஆறே புள்ளி. ஆறு புள்ளிக்கு ஆறு விரல். பிரெய்ல் தட்டச்சுல அப்படித்தானே எழுதறோம்? அவர் அதை முப்பது வருஷம் தட்டியிருக்கார். விரலை ஒண்ணொண்ணா மாத்தி மாத்தி அதிர வையுங்க. வேண்டிய விரல் அதிரும்போது அவர் மனசுக்குள்ள அதைப் பிடிச்சுக்கட்டும். உங்க தொப்பிக்கு அது தெரியுமா தெரியாதா?"

சுருட்டுவது நின்றது.

"தெரியும்னு நினைக்கிறேன்" என்றாள். பிறகு மெதுவாக, "தெரியணும்" என்றாள்.

நோய் எடுத்தது அசைவைத்தான். தொட்டால் அவருக்குத் தெரியும். கொசு கடித்தால் தெரியும், பாவம், அடிக்கத்தான் முடியாது.

பிப்ரவரி 12, திங்கள்

இதை எப்படி எழுதுவது?

நெகேசா ஆறு மோதிரம் செய்து கொண்டுவந்தாள். சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் வளையம், ஒவ்வொன்றிலும் செத்துப்போன கைபேசியிலிருந்து பிடுங்கிய அதிர்வு மோட்டார். எந்த மோதிரம் எந்தப் புள்ளி என்று நானே பிரெய்லில் எண் குத்தி ஒட்டினேன். அவளுக்குத் தெரிய அவள் மையில் எழுதிக்கொண்டாள். முதலில் என் தலையில் முயன்று பார்க்கச் சொன்னேன். மோதிரங்களை நானே மாட்டிக்கொண்டேன். தொப்பிக்கடியில் அலை பிடிக்கத் தடவிய பசை குளிர்ந்தது.

விரல்கள் மாறி மாறி அதிர்ந்தன. நான் ஒரு விரலை மட்டும் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அது அதிரும்போது உள்ளே "நீதான்" என்றேன், அவ்வளவுதான். கை அசையவில்லை, உதடு அசையவில்லை. கருவி அந்தப் புள்ளியின் எண்ணைச் சொன்னது. அடுத்ததையும் சொன்னது. பத்து நிமிடத்தில் "மீன்" என்று எழுதிவிட்டேன். எங்கள் லுவோ மொழியில் நான்கே எழுத்து. கருவி அதை வாய்விட்டுப் படித்தது.

"ஏம்மா, மீனா? முதல் வார்த்தை மீனா?" என்று அபோண்டி சிரித்தாள்.

பசி நேரம், வேறென்ன வரும்? எனக்கு இத்தனை வருடம் குரலோடுதான் பிழைப்பு. பேச்சுக்குத் தொண்டை வேண்டும், காற்று வேண்டும், கம்பி வேண்டும். தொண்டையைத் தாண்டி, மண்டையோட்டைத் தாண்டி, உள்ளே சும்மா இருந்த ஒரு மீன் வெளியே வந்துவிட்டது! தலைமுடியில் ஒட்டிய பசையைக் கழுவும்போதும் அந்த வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்தேன். கடவுளே, என்ன மாதிரி காரியம் இது.

பிப்ரவரி 20, செவ்வாய்

அவருக்கு முதல் நாள். தொப்பி நழுவாமல் நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், நெகேசா மோதிரங்களை மாட்டினாள். கருவியின் குரலை அணைத்துவிட்டாள்.

"குரல் வந்தா அவர் மூளை அதுக்கும் துள்ளும்மா, அலை குழம்பிடும். முடிஞ்சதும் நானே படிச்சுச் சொல்றேன்."

சரி என்றேன்.

முதலில் எழுத்தே கிடையாது. ஒரு விரலைத் தட்டி, அதை மட்டும் கவனியுங்கள் என்றாள். பத்துக்கு ஒன்பது சரி! அபோண்டி துள்ளிக் குதித்தாள். பிறகு எழுதச் சொன்னோம். வந்தது குப்பை. ஒரு ஒற்றை மேற்கோள் குறி, ஒரு "k", ஒன்றுமே ஆகாத ஒன்று, அப்புறம் "y", "o". முதல் நாள்தானே.

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்று நாற்பது நிமிடம் விடாமல் எழுதினார். முழுக்கக் குப்பை. விரல் பரீட்சையில் மட்டும் பத்துக்குப் பத்து.

மார்ச் 4, திங்கள்

டாக்டரும் வந்திருந்தார். மூன்றாம் தடவையும் அதேதான். எங்களை வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினார், அவர் காதில் விழக்கூடாது என்று.

"கருவி நல்லா வேலை செய்யுது. உங்களுக்கும் செஞ்சது. விரலைக் கவனின்னா கவனிக்கிறார். ஆனா வார்த்தை கோக்கிற புத்தி... இந்த நோய் சிலருக்கு அதையும் தொடும்."

கருவி கெட்டுப்போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கருவி நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கெட்டது அவர்.

பார்வையற்றோர் பள்ளியில் கணக்கு வாத்தியார். யார் பேசினாலும் நடுவில் புகுந்து திருத்துகிற மனிதர். பாதிரியார் பிரசங்கத்தில் தேதியைத் தப்பாகச் சொன்னால் இருக்கையிலிருந்தே திருத்துவார். இந்த நாட்குறிப்பைக்கூட நான் இல்லாதபோது தடவிப் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் "அன்னிக்கு மழை பெய்யலையே" என்பார். அந்த மூளையா?

திரும்பி உள்ளே போய் அவர் கையைப் பிடித்தேன். டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 6, புதன்

சொந்த ஊரான சியாயாவிலிருந்து அவர் அண்ணன் ஒடேரோ வந்தார். கட்டிலருகே நின்று வழக்கம்போல, "ஒபோன்யோ! நான் ஒடேரோ வந்திருக்கேன்! கேக்குதா!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பார்வையில்லாதவனிடம் எல்லாரும் கத்துவார்கள், இவர் ஐம்பது வருடமாகக் கத்துகிறார்.

பிறகு என்னிடம் சொன்னார். "அபோண்டி அம்மா, புத்தியும் போயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார். தொப்பியும் கம்பியுமா இன்னும் எதுக்கு அவனைப் பாடுபடுத்தறே? அப்பா கட்டின வீட்டுல, சொந்தக்காரங்க நடுவுல கிடக்கட்டும். சனிக்கிழமை பதினாறாம் தேதி வண்டி கொண்டுவரேன்."

"அவர்கிட்ட கேட்டீங்களா மாமா?"

"என்னத்தைக் கேக்கறது? பதில் சொல்ல அவன் இருந்தாத்தானே?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். போகும்போது சமையலறையில் நின்று மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

சியாயா வீட்டில் மின்சாரம் கிடையாது. அங்கே போனால் தொப்பி கிடையாது, நெகேசா கிடையாது. உள்ளே அவர் இருந்தால்? இருந்து, யாருக்கும் தெரியாமல் இருந்துகொண்டே இருந்தால்?

மார்ச் 8, வெள்ளி

நான்காம் தடவை. ஒன்றுமே எழுதவில்லை. குப்பைகூட இல்லை.

குளிப்பாட்டும்போது அபோண்டி சொன்னாள், இடது குதிகாலில் படுக்கைப் புண். எத்தனை நாளாக இருக்கிறதோ. நான் தினமும் எண்ணெய் தேய்க்கிறேனே, கைக்குத்தான் தேய்த்தேன், காலை விட்டுவிட்டேன். என்ன மனைவி நான்!

மார்ச் 12, செவ்வாய்

இன்று எழுதியே ஆகவேண்டும். அவசரத்தில் தப்புத் தப்பாக விழுகிறது, பரவாயில்லை.

நெகேசா கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டுச் சாமான்களை எடுத்துப்போக வந்தாள். மோதிரம் மாட்டி, தொப்பி மாட்டி, உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. அவளுக்கு ஏதோ அழைப்பு வர, வெளியே போனாள். சும்மா இருப்பானேன் என்று மோதிரங்களை நானே கழற்ற ஆரம்பித்தேன். இத்தனை நாளும் அவள்தான் மாட்டுவாள், அவள்தான் கழற்றுவாள். என் வேலை தலையைப் பிடிப்பது.

இடது மோதிர விரல். ரப்பரை உருட்டும்போது நான் குத்திய எண் விரலில் பட்டது. ஒன்று.

மறுபடி தடவினேன். ஒன்றுதான். மோதிர விரலில் மூன்றல்லவா இருக்கவேண்டும்? ஆள்காட்டி விரலுக்குப் போனேன். அங்கே மூன்று.

"நெகேசா! ஏய் நெகேசா! இங்க வா!" ஒடேரோவைவிடச் சத்தமாகக் கத்தியிருப்பேன்.

ஓடி வந்தாள். "என்னம்மா, மூச்சு நின்னுடுச்சா?"

"நீ எப்படிம்மா மோதிரம் மாட்டினே?"

"வரிசையாத்தாம்மா. இடமிருந்து வலம். ஒண்ணு ரெண்டு மூணு, நாலு அஞ்சு ஆறு."

பார்வையுள்ளவர்கள் வரிசை அது. எங்கள் தட்டச்சில் எண்ணிக்கை நடுவிலிருந்து வெளியே போகும். இடது ஆள்காட்டிதான் ஒன்று, மோதிர விரல் மூன்று. வலது கையில் ஆள்காட்டி நான்கு, அது மட்டும் தானாகச் சரியாக அமைந்துவிட்டது. ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் உலகத்துக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஒன்று என்று எழுதிய இடமெல்லாம் கருவி மூன்று என்று எடுத்துக்கொண்டது, மூன்று ஒன்றாயிற்று. குரலை வேறு அணைத்து வைத்திருந்தோம். தான் எழுதுவது குப்பையாக விழுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாங்களும் வாசலுக்குப் போய் அல்லவா பேசினோம்!

"பழசெல்லாம் வெச்சிருக்கியா?"

"எல்லாம் இருக்கும்மா. ஒண்ணையும் மூணையும் மாத்திப் போட்டா..." அவள் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. குரலைப் போடச் சொன்னேன். அவருக்குக் கேட்கும்படி, கட்டிலுக்குப் பக்கத்தில்.

பிப்ரவரி இருபது. கருவி உணர்ச்சியே இல்லாமல் படித்தது:

"அக்கேயோ."

என் பெயர். ஒன்பது மாதம் கழித்து அவருக்குப் பேச ஒரு வழி கிடைத்ததும் முதலில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, முதல் நாள்தானே என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி இருபத்தேழு: "இடது குதிகால் வலி தலையணை வை."

மார்ச் நான்கு: "யாருக்காவது கேக்குதா."

அபோண்டி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெகேசா "ஐயோ, ஐயோ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவர் முகத்தைப் பிடித்தேன். "கேக்கலைங்க. சத்தியமா கேக்கலை. மோதிரம் மாறிப்போச்சு. இப்பக் கேக்குது. இருக்கீங்களா? இருக்கீங்களா?" கன்னத்தில் என் கட்டைவிரல் ஈரமாயிற்று. அது அவர் கண்ணீர். என்னுடையது என் கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மோதிரங்களை நானே மாட்டினேன், என் கையால், சரியான விரலில். குரலை அணைக்கவிடவில்லை. குழம்பினால் குழம்பட்டும் என்றேன். இருபத்தைந்து நிமிடம் யாரும் அசையவில்லை. தகரக் கூரைமேல் மழை ஆரம்பித்து நின்றது. எழுத்துக்கு எழுத்து கருவி சொல்லச் சொல்ல, நான் மனத்துக்குள் கோத்துக்கொண்டே போனேன்.

"மூணு வாரமா, ஆபரேட்டர்?"

கல்யாணமான புதிதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஆபரேட்டர், ஒரு இணைப்புக் கொடுக்க எவ்வளவு நேரம் என்று கேலி செய்வார்.

இருக்கிறார். அவர் முழுசாக அப்படியே இருக்கிறார். வாய் இல்லாமல், கை இல்லாமல், அவர் கேலி முதற்கொண்டு உள்ளே இருந்திருக்கிறது. ஒரு மனிதன் எதில் இருக்கிறான் என்று நாம் நினைக்கிறோமோ அதிலெல்லாம் இல்லை போலிருக்கிறது. எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

குதிகாலுக்குத் தலையணை வைத்தாயிற்று.

மார்ச் 16, சனி

சொன்னபடி ஒடேரோ வண்டியோடு வந்தார். கூடவே இரண்டு பேர், தூக்கிப் போக. நான் தொலைபேசியில் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார், நானே கட்டிவிட்ட கதை என்பார்.

தொப்பியும் மோதிரமும் மாட்டி உட்காரவைத்திருந்தோம். "என்ன இது, இன்னுமா இந்தக் கூத்து?" என்று முணுமுணுத்துவிட்டு, கட்டிலில் குனிந்து, "ஒபோன்யோ! வீட்டுக்குப் போலாமா! அண்ணன் வந்திருக்கேன்!"

"கொஞ்சம் உக்காருங்க மாமா. அவர் பதில் சொல்லட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"அவருக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு."

தூக்க வந்தவர்களுக்கு அபோண்டி தேநீர் கொடுத்தாள். ஒடேரோ நாற்காலியை இழுத்தார், பெருமூச்சு விட்டார், சாவியைக் கையில் குலுக்கினார். கருவி எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒடேரோவின் பெயர் முழுதாக வந்ததும் சாவிச் சத்தம் நின்றது. அரை மணி கழித்துக் கருவி மொத்தத்தையும் சேர்த்துப் படித்தது.

"ஒடேரோ கத்தாதே. காது நல்லா இருக்கு. நான் வரலை."

யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம், பிறகு தரையில் முழங்கால் பட்ட சத்தம். அந்தப் பெரிய மனிதர் தம்பி நெஞ்சில் முகத்தை வைத்து அழுததை நான் கேட்டேன். அழுது முடித்து ஏதோ சொன்னார். எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

வண்டி ஒரு வாழைக்குலையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பியது.

மார்ச் 29, வெள்ளி

நெகேசாவும் நானும் இரண்டு விதி எழுதியிருக்கிறோம். மோதிரத்தை மாட்டுவது பிரெய்ல் தெரிந்த கை. குரலை அணைப்பது எழுதுகிறவர் சொன்னால் மட்டும். அவள் அறையில் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம். சுவரில் எதற்கு, யார் பார்க்க என்று கேட்டேன். இந்தத் தடவை அவள்தான் முதலில் சிரித்தாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று ஒரு வேலை செய்தேன். இந்த நாட்குறிப்பின் தாள்களைக் கட்டிலில் பரப்பி, அவர் ஆள்காட்டி விரலை என் கையால் பிடித்து வரி வரியாக இழுத்துக்கொண்டு போனேன். திருட்டுத்தனமாகப் படித்த மனிதருக்கு நானே படிக்கக் கொடுத்தேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வேலை முடிந்து வந்தது முதல் சாப்பாட்டு நேரம் வரை ஆயிற்று. எந்த இடத்தில் மூச்சு மாறுகிறது என்று கவனித்துக்கொண்டே போனேன்.

பிறகு மோதிரம் மாட்டினேன். ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். எழுத்தெழுத்தாக வந்தது.

"மார்ச் பன்னிரண்டு தப்பு. நான் அழலை. மாத்து."

மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறார்.